ஓட்டை விழுந்த குளம்

2011 ஆவணி. காலை பஸ்ஸில் கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பியும் தாயாரும் வவுனியாவில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் முத்திரை பார்க்கிற ஒருவர் இங்கே இருக்கிறார் என்று தபால் கந்தோரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தம்பியின் மடியில் துருவேறிய மலிபன் பிஸ்கட் தகரம். அதற்குள் இரண்டு மடிப்புப் பொலித்தீனில் சுற்றிய ஓர் அல்பம்.

அல்பம் தாயாரின் பேரனாருடையது. மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்து பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பி, பிறகு பரந்தன் பக்கம் வயல் வாங்கி வந்தவர். 2008 புரட்டாதியில் ஊர் வெளிக்கிட்டபோது காணி உறுதியையும் நகையையும் அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டார். அல்பத்தைத் தூக்க இடமில்லை. தகரத்தில் போட்டு மூடி, கிணற்றடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு நடந்தது எல்லாருக்கும் நடந்ததுதான்: தருமபுரம், விசுவமடு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. கிணற்றடியில் கிடங்கும் இருந்தது.

அல்பத்தை மேசையில் விரித்தேன். முதல் பத்துப் பக்கமும் மலாயாப் புலி முத்திரைகள், சீல் குத்திய சாதாரண முத்திரைகள், ஈரம் பட்டுச் சில தாளோடு ஒட்டிவிட்டன. தம்பி ஒரு முத்திரையைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தார்.

“இது பழுது ஐயா. புழு அரிச்சுப் போட்டுது. நல்லதுகளை மட்டும் பாருங்கோ.”

30 சத இலங்கை முத்திரை. 1935-36 இல் வந்த படவரிசை. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் ஒரு பழைய நீர்ப்பாசனக் குளமும் உள்ளது. உண்மையிலேயே ஓட்டை ஓட்டையாகத்தான் இருந்தது. சாவணத்தால் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். குளத்துக்கு மேலால் எட்டு ஆங்கில எழுத்துகள் வெளிச்சப் புள்ளிகளாக வந்தன. ஸ்பெசிமன்.

தாயார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். “உது என்ன ஐயா, ஆரோ எழுதினமாதிரிக் கிடக்கு?”

1974 இல் நான் தபால் சேவையில் சேர்ந்தேன். முத்திரையை விற்கவும் சீல் குத்தவும் அரசாங்கம் பழக்கியது. முத்திரையைப் பார்க்கப் பழக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர். பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் ஸ்ரான்லி கிப்பன்ஸ் பட்டியலின் கிழிந்த பழைய பிரதியொன்றை நடுவில் வைத்துக்கொண்டு இருப்போம். அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை: “முகத்தைப் பாக்க முதல் முதுகைப் பார், தம்பி.” முதுகில்தான் பசை இருக்கும். பழைய ஒட்டுத்தாள் இருக்கும். யாரோ ஒரு வியாபாரி பென்சிலால் எழுதிய விலை இருக்கும். அந்தப் பட்டியலில் சில இலக்கங்களுக்குப் பின்னால் சிறிய ‘எஸ்’ எழுத்து ஒன்று வரும். அது அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மாதிரி முத்திரை, அதாவது ஸ்பெசிமன், என்பதன் அடையாளம் அது என்று அவர்தான் விளக்கினார்.

அவர் சொன்னதைத்தான் அந்தத் தாயாருக்கும் சொன்னேன். 1874 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில் நாடுகள் கூடி ஒரு தபால் ஒன்றியத்தை உண்டாக்கின. இலங்கை அதில் 1877 இல் சேர்ந்தது. கொழும்பில் ஒட்டிய முத்திரையைப் பாரிசில் உள்ள உத்தியோகத்தர் நம்ப வேண்டும், மறுபடி கட்டணம் கேட்கக்கூடாது. நம்புவதற்கு அவர் கையில் ஒரு மாதிரி வேண்டும். அதனால் 1879 இலிருந்து, புதிதாக ஒரு முத்திரை வந்தால் அதன் பிரதிகளைப் பேர்ணுக்கு அனுப்ப வேண்டும், பேர்ண் அதை உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பங்கிட வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. காலத்தைப் பொறுத்து ஒரு நாட்டுக்கு மூன்று முதல் ஐந்து பிரதிகள். அந்தப் பிரதியைக் கடிதத்தில் ஒட்டவோ களவாக விற்கவோ கூடாது. அதற்காகத்தான் பிரித்தானியரும் அவர்களது குடியேற்ற நாடுகளும் முத்திரையின் மேல் ‘ஸ்பெசிமன்’ என்று அச்சடித்தார்கள். 1920களின் கடைசியிலிருந்து அச்சடிப்பதை விட்டு, துளையாகக் குத்தத் தொடங்கினார்கள். மையை அழிக்கலாம், ஓட்டையை அழிக்க ஏலாது. அப்படிக் குத்தியதுதான் அந்த 30 சதக் குளம்.

“அப்ப இது ஒருநாளும் காயிதத்தில ஒட்டாததோ?” என்று கேட்டார் அம்மா.

இல்லை. ஒட்டக்கூடாதென்றே பிறந்தது. அவர் அதை மறுபடி பார்த்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. காணாமல் போன ஆடு பட்டிக்குத் திரும்பினால் பார்ப்பது போல.

இனி விலைக்கு வருகிறேன். நாற்பது வருடமாக நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்த இடம் இது. ஸ்பெசிமன் என்றால் கள்ள முத்திரை, குப்பையில் போடு என்பார் ஒருவர். ஸ்பெசிமன் என்றால் கோடி பெறும் என்று லண்டனுக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லுவார் இன்னொருவர். இரண்டு பேருமே முத்திரையில் எழுதியிருக்கும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பிரதி உலகத்தில் இருக்கிறது என்று கேட்கிறவர் மிகக் குறைவு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றின் ஒரு முத்திரைக்கு அனுப்பப்பட்ட ஸ்பெசிமன் பிரதிகள் ஏறக்குறைய நானூறு. அது 2 சத முத்திரையானாலும் அந்தளவு, 1,000 ரூபா முத்திரையானாலும் அந்தளவு. ஆம், 1,000 ரூபாவுக்கு இலங்கையில் முத்திரை இருந்தது. 1912 இல் தொடங்கிய ஐந்தாம் ஜோர்ஜ் வரிசையில் 50, 100, 500, 1,000 ரூபா என்று ஏறிக்கொண்டே போகும். அந்தக் காசுக்கு அன்றைக்கு வன்னியில் காணி வாங்கலாம். யார் அதைக் கடிதத்தில் ஒட்டுவான்? உறுதி, ஒப்பந்தம் போன்ற பத்திரங்களில்தான் பெரும்பாலும் ஒட்டினார்கள். சீல் குத்தாத நல்ல பிரதி ஒன்றைச் சாதாரண மனிதன் வாங்க ஏலாது. ஆனால் அதன் ஸ்பெசிமன் நானூறு அளவில் போயிருக்கிறது, அதனால் அதை எட்டித் தொடலாம். மலாயாப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களின் 500 டொலர் முத்திரையின் கதையும் இதுதான். 1910 இல் ஏழாம் எட்வேட்டின் தலையோடு வந்தது. அதைச் சொந்தமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லுகிற சேகரிப்பாளர்களில் பலரிடம் இருப்பது ஸ்பெசிமன்தான்.

2 சதத்தில் கணக்குத் தலைகீழாகும். 1935-36 வரிசையில் 11 முத்திரைகள். 2 சதத்தில் றப்பர் பால் வெட்டு, 3 சதத்தில் சிவனொளிபாத மலை, 9 சதத்தில் கொழுந்து பறிப்பு, 50 சதத்தில் யானைக் கூட்டம், ஒரு ரூபாவில் திருகோணமலை. சாதாரண 2 சத முத்திரை இலட்சக்கணக்கில் அடித்து விற்றது, இன்றைக்கும் தேநீர்க் காசுக்கு வாங்கலாம். அதே 2 சதத்தின் ஸ்பெசிமன் நானூறு அளவில்தான் உண்டு. ஆகவே அந்த 11 முத்திரை கொண்ட முழு வரிசை ஸ்பெசிமனாக வந்தால், சாதாரண வரிசையைப் போலப் பல மடங்கு விலை போகும். பேர்ணுக்குப் போகும் பையில் ஏழை முத்திரையும் பணக்கார முத்திரையும் ஒரே எண்ணிக்கையில் போயின. ஸ்பெசிமனின் விலை முழுக்க இந்த ஒரு சங்கதியில் இருந்துதான் கிளம்புகிறது. வரிசை உடைந்து தனி ஒன்றாக வந்தால் விலை நன்றாக இறங்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பியின் கையில் இருந்தது தனி ஒன்று.

இந்த எண்ணிக்கைகளை ஊகத்தில் சொல்லவில்லை. மார்க்கஸ் சாமுவேல் 1976 இல் முடிக்குரிய குடியேற்ற நாடுகளின் ஸ்பெசிமன் முத்திரைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜேம்ஸ் பெண்டன் 1988 இல் தபால் ஒன்றியத்தின் ஸ்பெசிமன்களைப் பற்றி இன்னொன்று எழுதினார். எழுத்தின் உயரம், நீளம், எந்த அச்சகம் எந்த வருடம் எந்த எழுத்தைப் பாவித்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. என்னிடம் இருப்பது சில பக்கங்களின் போட்டோப் பிரதி. கொழும்பில் ஒரு நண்பர் எடுத்துத் தந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருமுறை அந்தத் தாள்களைப் பார்த்து, இது என்ன சங்கேத எழுத்து என்று கேட்டார்கள். முத்திரை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. தாளைத் திருப்பித் தந்தார்கள். அது போதும்.

ஒன்றியம் உண்டாக முதலே மாதிரி முத்திரையில் ஒரு பெரிய சண்டை நடந்தது, அதில் இலங்கை முத்திரையும் சம்பந்தப்பட்டது. எங்கள் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்த 6 பென்ஸ், விக்ரோறியா மகாராணியின் தலை. அச்சடித்தது லண்டனில் பேர்க்கின்ஸ் பேக்கன் கொம்பனி. 1861 இல் ஓமண்ட் ஹில் என்பவர், தபால் முத்திரையைக் கொண்டுவந்த சேர் றோலண்ட் ஹில்லின் பெறாமகன், தன் நண்பர்களுக்கென்று அந்தக் கொம்பனி அச்சிட்ட குடியேற்ற நாட்டு முத்திரைகளில் ஒவ்வொன்றிலும் ஆறு கேட்டார். கொம்பனி முட்டை வடிவக் கோடுகளுக்குள் ‘கான்செல்ட்’ என்ற சொல்லைக் குத்திக் கொடுத்துவிட்டது. முடிக்குரிய முகவர் பென்றோஸ் ஜூலியனின் காதுக்கு விசயம் போனது. குடியேற்ற நாடுகளின் சொத்தைக் கேளாமல் எடுத்துக் கொடுத்தது எப்படி என்று அவர் கொதித்தார். அச்சுத் தகடுகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். வேலை டி லா றூ கொம்பனிக்குப் போனது. அடுத்த எண்பது தொண்ணூறு வருடத்துக்கு எங்கள் முத்திரைகளில் பெரும்பங்கு டி லா றூவின் அச்சில் வந்ததற்கு அடி ஆதாரம், நண்பர்களுக்குக் கொடுத்த ஆறு ஆறு முத்திரைகள். அந்த ‘கான்செல்ட்’ குத்திய இலங்கை முத்திரை ஒன்று இன்றைக்கு ஏலத்துக்கு வந்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். ஆறுக்கு மேல் இருக்க வழியில்லை.

டி லா றூ என்றதும் எனக்கு ஒரு கறுத்த நாள் நினைவுக்கு வரும். 1981 என்று நினைக்கிறேன். நீரிணைக் குடியேற்ற முத்திரைகள் சில கைக்கு வந்தன, பழைய கணக்குப் புத்தகத் தாளில் ஒட்டியபடி. வேறு முத்திரைகளைக் கழற்றுவது போல வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் ஊதா நிறம். முத்திரையில் மன்னரின் முகம் வெளிறிப் போய்க் கிடந்தது. ஊதாவிலும் பச்சையிலும் டி லா றூ வேண்டுமென்றே தண்ணீரில் கரையும் மை பாவித்தது. சீலைக் கழுவி முத்திரையை மறுபடி பாவிக்கிறவர்களைப் பிடிப்பதற்காக. கழுவினால் சீலோடு நிறமும் போகும். நான் கழுவிக் கெடுத்தது ஸ்பெசிமன். ஒட்டியிருந்த அந்தக் கணக்குத் தாளும் ஒரு சாட்சியம் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாதிரிகளைப் பெற்ற நாடுகள் சில அவற்றைப் பதிவேட்டில் பசை பூசி ஒட்டி வைத்தன. போர்த்துக்கல் தன் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியவற்றில் ‘உல்த்ரமார்’ என்று ஒரு சீலும் குத்தியது. பிற்காலத்தில் அந்தப் பதிவேடுகள் சில சந்தைக்கு வந்தபோது, ஸ்பெசிமனின் முதுகில் ஒட்டிய தாள்த் துண்டே அது எங்கிருந்து வந்தது என்று சொன்னது. பசை இல்லாத ஸ்பெசிமனைக் குறைத்துப் பேசாதேயுங்கள். அது ஏதோ ஒரு கந்தோரில் அறுபது எழுபது வருடம் வேலை செய்திருக்கிறது.

கள்ள வேலை இரண்டு பக்கத்தாலும் நடக்கும். விலை குறைந்த முத்திரையின் மேல் ‘ஸ்பெசிமன்’ என்று அடித்து விலை ஏற்றுவது ஒன்று. விலை கூடிய முத்திரையில் இருக்கும் ‘ஸ்பெசிமன்’ என்பதை அழித்துச் சாதாரண முத்திரையாக விற்பது மற்றது. எண்பதுகளில் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் 50 சத யானை முத்திரை ஒன்றை, ஆறாம் ஜோர்ஜ் காலத்தது, துளையிட்ட ஸ்பெசிமன் என்று வாங்கினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வீட்டுக்கு வந்து பல் அளவியில் வைத்தேன். முத்திரையின் ஓரத்துப் பல்லை இரண்டு சென்ரிமீற்றருக்கு எத்தனை என்று எண்ணுவது வழக்கம். 12 வந்தது. நெஞ்சு பக்கென்றது. அந்த முத்திரை 1938 இல் முதலில் வந்தபோது பல் அளவு வேறு. 12 என்பது 1940களில் மறுபடி அடித்தபோது வந்தது. பேர்ணுக்கு மாதிரி போவது புது வெளியீட்டுக்குத்தான். மறு அச்சுக்கு மாதிரி அனுப்ப ஒருவருக்கும் தேவையில்லை. திருப்பிப் பார்த்தேன், முதுகில். உண்மையான துளைக் கருவி காகிதத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிடும், விளிம்பு சுத்தமாக இருக்கும். இதில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் காகிதம் மேலெழும்பி நின்றது. ஊசியால் குத்தியிருக்கிறார்கள். கடையிலேயே முதுகைப் பார்க்காமல் விட்டேனே என்று தபாலதிபர் ஐயாவின் முகத்தில் முழிக்க இரண்டு கிழமை எனக்கு மனம் வரவில்லை. அந்த முத்திரை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. முத்திரை பழக வரும் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்து, தடவிப் பார் என்று சொல்கிறேன்.

அச்சடித்த ஸ்பெசிமன் என்றால் நிறத்தைப் பார்க்க வேண்டும். மாதிரி எடுப்பது முதல் அச்சிலிருந்து. பத்து வருடத்துக்குப் பிந்திய அச்சின் நிறத்தில் மேலச்சு இருந்தால் கையெடுங்கள். பிறகு மேலச்சின் மையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், முத்திரையின் மைக்கு மேலே படிந்திருக்கிறதா, காகிதத்தில் ஊறிப் பரவியிருக்கிறதா என்று. இந்தியாவின் 1948 காந்தி 10 ரூபா முத்திரையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாதாரணமானதே நல்ல விலை, ‘ஸ்பெசிமன்’ அடித்தது அதைவிட அதிகம். ஆகவே கள்ள மேலச்சும் உலாவுகிறது. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கு இந்த மேலச்சு, துளை வேலை எல்லாம் 1948 ஓடு நின்றது. அதே வருடம் எங்களுக்கும் சுதந்திரம். சுதந்திரத்தின் முதலாம் ஆண்டுக்கு 1949 இல் வந்த முத்திரைகளைத் துளையிட்ட ஸ்பெசிமன் என்று ஒருவர் நீட்டினால் நான் மிகவும் மெதுவாகத்தான் கையை நீட்டுவேன்.

அல்பத்துக்குத் திரும்பி வருகிறேன். அன்றைக்குப் பின்னேரம் வரை இருந்து பார்த்தோம். புலி முத்திரைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தம்பிக்கு நேரே சொன்னேன். அவருக்கு முகம் வாடியது, ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கடித உறை இருந்தது, எண்ணெய்த்தாள் போல மெல்லியது. அதற்குள் நீரிணைக் குடியேற்றங்களின் ஐந்தாம் ஜோர்ஜ் முத்திரைகள் ஏழு, கறுப்பில் ‘ஸ்பெசிமன்’ மேலச்சோடு. ஈரம் பட்டு இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இரண்டும் ஊதா. 1981 ஐ நினைத்துக்கொண்டு தண்ணீரின் பக்கமே போகவில்லை. ஒரு டப்பாவின் அடியில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே கம்பி வலை வைத்து, அதன் மேல் முத்திரைகளை வைத்து மூடி, காற்றின் ஈரத்தில் மட்டும் பசை இளகட்டும் என்று விட்டேன். அவர்கள் அன்றிரவு வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். விடிய வந்து பார்த்தபோது இரண்டும் தானாகப் பிரிந்திருந்தன. நிறம் போகவில்லை. ஏழின் முதுகையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் சிலிங் பென்ஸ் கணக்கு. பேரனார் யாரோ ஒரு வியாபாரியிடம் விலை கொடுத்து, ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். கிளாக்கர் சம்பளத்தில்.

“வீட்டில அவர் முத்திரைக்குக் காசு கரியாக்கினார் எண்டு அம்மம்மா ஏசுவா” என்றார் தாயார். சொல்லிவிட்டு அந்தப் பென்சில் எழுத்தை விரலால் தொடப் போனார். நான் சாவணத்தைக் கொடுத்தேன்.

ஏழையும் கொழும்பில் எனக்கு நம்பிக்கையான ஒரு சேகரிப்பாளருக்குக் காட்டி விற்றுக் கொடுத்தேன். பெரும் பணம் இல்லை. கூரைக்குத் தகரம் எடுத்த கடனில் ஒரு பகுதிக்குக் காணும். 30 சதக் குளத்துக்கும் அவர் விலை சொன்னார். தம்பி தாயாரைப் பார்த்தார். தாயார் தலையாட்டவில்லை.

“இது இரணைமடுவோ ஐயா?”

முத்திரையில் குளத்தின் பெயர் இல்லை, பழைய நீர்ப்பாசனக் குளம் என்றுதான் பட்டியலில் இருக்கிறது என்று சொன்னேன். இரணைமடு 1920 இல் கட்டி முடித்தது, பழைய குளம் என்று சொல்ல வராது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “எங்களுக்கு அது இரணைமடுதான்” என்று சொல்லி, மகனிடம் தகரத்தை நீட்டச் சொன்னார்.

தகரத்தில் வைக்க விடவில்லை. வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் ‘30 சதம், 1935-36, துளை ஸ்பெசிமன்’ என்று எழுதி, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் அம்மா ரெலிபோன் எடுத்தார். மழை தொடங்கிவிட்டது, தகரக் கூரையில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முத்திரையை எங்கே வைக்கிறது என்று கேட்டார். அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதேயுங்கோ, ஈரம் ஏறும் என்றேன். சாமிப்படத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், விளக்குப் புகை படும். மேல்தட்டில், புத்தகத்துக்குள் வைக்காமல், நிமிர்த்தி வையுங்கோ. மாதத்துக்கு ஒருக்கால் வெயில் படாத இடத்தில் உறையைத் திறந்து காற்றுப் பிடிக்க விடுங்கோ.

“வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாக்கலாமோ?”

பாக்கலாம் அம்மா, சாவணத்தால் பிடியுங்கோ என்றேன்.